முதல் வீடு என்று நினைத்தோம், கிராண்டில் பெயர் இருந்தது

2023 செப்டம்பரில் ஒரு மதியம், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு லாயர் ஆபீஸ் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அவர் அரை நாள் லீவு போட்டு, ஃபேக்டரி சட்டையோடேயே வந்திருந்தார். அங்கே கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்த அக்கா முத்திரை வரி விலக்குக்கான ஒரு பாரத்தை எங்கள் பக்கம் தள்ளி, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் இது முதல் வீடுதானே?” என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் ஆமாம் என்றோம். என் வீட்டுக்காரர் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டார். அந்த அக்கா வழக்கமாகக் கேட்பது போல, “அப்பா வீடு, தாத்தா வீடுன்னு எதுலயும் பேர் இல்லியே?” என்றார். பேனா நின்றுவிட்டது. “அப்பா வீட்டு கிராண்டுல என் பேரு இருக்கு. மூணுல ஒரு பங்கு” என்றார் என் வீட்டுக்காரர். கிராண்ட் என்பது நிலப் பட்டா. நான் அவசரமாக, “அது அத்தை இருக்கிற லோ காஸ்ட் வீடுக்கா, எங்களுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல” என்று குறுக்கே பேசினேன். அந்த அக்கா பாரத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனா மூடியைப் போட்டார். “அப்படின்னா இது முதல் வீடு இல்லம்மா.”

அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்களுக்கு ஆன செலவு 4,880 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு முன்னால் போனதும் உண்டு, பின்னால் போனதும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 9,840 வெள்ளி, கூடவே முழுசாக ஒரு வருஷம். எங்கள் இருவர் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் பேங்க் லோன் போட்டு வீடு வாங்கியவர்கள் யாரும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதால்தான் இத்தனையும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நாங்கள் சுங்கை சிப்புட்காரர்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை முடிந்தால் சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் லயத்தைக் காலி செய்தோம். அடுப்படிச் சுவரில் அம்மா ஒட்டி வைத்திருந்த முருகன் காலண்டரைக் கிழியாமல் உரிக்கப் பார்த்து, பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. இந்த ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தோட்டத்து ஆட்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியதும் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. என் பாட்டியும் அப்படி வாங்கியவர். தோட்டத்தையே வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த பாட்டி கடைசிவரை இருந்தது கம்பெனி வீட்டில். அதனால் கல்யாணம் ஆனதுமே நான் சொன்ன முதல் பேச்சு, சொந்தமாக ஒரு வீடு என்பதுதான்.

கல்யாணம் 2018இல். அவர் ஈப்போ பக்கம் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன், அப்போது அடிப்படைச் சம்பளம் 2,300 வெள்ளி. நான் லாரி கம்பெனி ஒன்றில் கிராணி, 1,800. வீட்டு வாடகை 400, அவர் மோட்டார் சைக்கிள் தவணை, என் அம்மாவுக்குக் கொஞ்சம், அத்தைக்குக் கொஞ்சம். மிஞ்சுவதை வீட்டுக்கென்று ஒதுக்கினோம். ஒதுக்கிய பணத்தை எங்கே வைப்பது என்பதில் முதல் அடி விழுந்தது.

பேங்கில் போட்டால் வட்டி என்ன பெரிதாக வரும் என்று, தெரிந்த ஒரு அக்கா நடத்திய கூட்டில், அதாவது சீட்டில், சேர்ந்தேன். 12 பேர், மாதம் 500. அவசரம் உள்ளவர்கள் கழிவு கொடுத்து முன்னாலேயே எடுப்பார்கள். கடைசியில் எடுத்தால்தான் லாபம் என்று நான் கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தேன். ஒன்பதாவது மாதம் கட்டினேன், பத்தாவது மாதம் அந்த அக்கா ஊரிலேயே இல்லை. 4,500 வெள்ளி. அவருடைய வீட்டுக்குப் போனால், கேட்டில் பூட்டு, உள்ளே துணி காயும் கம்பியில் ஒரு துவாலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, இப்படிக் கூட்டு நடத்துவதே மலேசியாவில் சட்டப்படி தடை. 1971இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது. நம் ஆட்கள் எத்தனை பேர் ஏமாந்திருந்தால் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் தமிழ்ச் சொல் ஏறியிருக்கும் என்று பிறகு சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்லவே மூன்று நாள் ஆனது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டுக்குச் சேர்க்கும் பணத்தைக் கூட்டில் போடாதீர்கள். நடத்துகிறவர் கூடப் பிறந்தவராகவே இருந்தாலும் வேண்டாம். பேங்க் வைப்புத் தொகை என்றால் ஒரு பேங்கில் 250,000 வெள்ளி வரைக்கும் பிடிம் என்ற வைப்புத் தொகைக் காப்புறுதி நிறுவனத்தின் காப்பு இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அந்த எல்லைப் பக்கமே போக மாட்டோம், அதனால் முழுக் காப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதியில் யூனிட் கிடைக்கும்போது வாங்கலாம், விலை எப்போதும் ஒரு வெள்ளிதான், ஏறாது இறங்காது. நாங்கள் அதன்பிறகு இந்த இரண்டில்தான் போட்டோம். சம்பளம் ஏறிய மறுநாளே 600 வெள்ளி தானாகப் போகிற மாதிரி பேங்கில் சொல்லி வைத்தேன். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் சேர்ந்திருக்காது.

2019இல் மாமா, இவருடைய அப்பா, தவறினார். அவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து வாங்கியதுதான் லாயர் ஆபீஸில் பேச்சு வந்த அந்த லோ காஸ்ட் வீடு. உயில் எதுவும் இல்லை. புசாக்கா கெச்சில் (இறந்தவரின் சிறு சொத்துப் பங்கீட்டு) விசாரணைக்கு அத்தை, இவர், இவருடைய தங்கை என மூன்று பேரும் போனார்கள். இறந்தவரின் அப்பா அம்மா உயிரோடு இல்லை என்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு என்பது சட்டத்தின் கணக்கு. இரண்டு பிள்ளைகள் என்பதால் ஆளுக்கு ஒரு பங்கு விழுந்தது. அதிகாரி கேட்டாராம், பிள்ளைகள் உங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. அத்தைதான், “வேணாம்யா, அப்பா பேரு சொல்ற வீடு, உங்க பேரும் இருக்கட்டும்” என்றிருக்கிறார். இவர்களும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து சொன்னபோது நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் மார்ச் 18ஆம் தேதி ஊரே அடைந்தது. ஓவர்டைம் நின்றது. என் வீட்டுக்காரர் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) இரண்டாம் கணக்கிலிருந்து ஐ-லெஸ்தாரி திட்டத்தில் மாதம் 500 வெள்ளி, 12 மாதம், 6,000 வெள்ளி எடுத்தார். வீடு வாங்கும்போது கைகொடுக்க வேண்டிய அதே கணக்கு. அந்த நேரத்தில் வேறு வழி இல்லை, வாடகையும் சோறும் அதில்தான் நடந்தது. அதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

2022இல் ஊருக்கு வெளியே ஒரு புதுத் தாமான் (குடியிருப்பு) எழும்புகிறது என்று போய்ப் பார்த்தோம். மாதிரி வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு அறிவு மங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தது, அது போதும் என்று தோன்றிவிட்டது. விற்பனைக்காரர் 1,000 வெள்ளி புக்கிங் கேட்டார், அன்றைக்கே கொடுத்தோம். மூன்று பேங்கில் லோன் போட்டார். மூன்றும் முடியாது என்றன. காரணம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. வருமானம் குறைவு போலிருக்கிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசவில்லை. ஓவர்டைம் போகவில்லை என்று நான் குத்த, அந்த 4,500 இருந்திருந்தால் என்று அவர் குத்த. முகத்துக்கு நேரே அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் ஆபீஸ் கணக்காளர். “சிசிரிஸ் எடுத்துப் பாத்தியாம்மா?” என்று கேட்டார். மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவு அது. இ-சிசிரிஸ் வழியாக யார் வேண்டுமானாலும் தங்களுடையதை இலவசமாகப் பார்க்கலாம். எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 12 மாதத்துக்கு 12 கட்டம். ஒழுங்காகக் கட்டியிருந்தால் பூஜ்யம். ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு பாக்கி என்றால் 2. இவருடைய மோட்டார் கடனில் 0, 1, 2, 0, 1, 2 என்று ஓடியது. மனிதர் ஏமாற்றவில்லை. ஓவர்டைம் குறைந்த பிறகு இரண்டு மூன்று மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டும் பழக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மாதம் 189 வெள்ளி கட்ட வேண்டிய மோட்டார், 200,000 வெள்ளிக்கு மேல் லோனைக் கவிழ்த்துவிட்டது. என்னுடையது இன்னும் மோசம். டிப்ளோமாவுக்கு வாங்கிய பிடிபிடிஎன் (அரசாங்கக் கல்விக் கடன் நிதி) கடனை வேலை மாறியபோது நிறுத்தியவள், அப்படியே விட்டிருந்தேன். அதுவும் அங்கே வரிசையாக நின்றது.

பிடிபிடிஎன் முகப்பிடத்துக்குப் போய்த் தவணையை மாற்றி எழுதி, பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டி, மீதியைச் சம்பளப் பிடித்தத்தில் போட்டேன். மோட்டார் தவணையைத் தானியங்கிக் கட்டணமாக்கினோம். அப்புறம் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. 12 கட்டமும் பூஜ்யமாக மாற 12 மாதம் வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஏஜென்ட் பிடித்துப் பெயரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஃபேஸ்புக்கில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். வீடு பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே இந்த அறிக்கையை எடுத்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பார்த்தால் இன்னும் நல்லது என்று நான் சொன்னால் என் தங்கை சிரிக்கிறாள். ஜாதகம் பார்க்கிறோம், இதையும் பார்த்தால் என்ன?

அந்த 1,000 வெள்ளி புக்கிங் திரும்பி வர நாலு மாதம் ஆனது, அதிலும் 200 வெள்ளி நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்னால் மேம்பாட்டாளர் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்று வீடமைப்பு விதி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த 200க்காகக் கொஞ்சம் குரலை உயர்த்தியிருப்பேன். அப்படியும் பணம் கொடுக்கிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வீடு ஒப்படைக்கத் தாமதமானால் இழப்பீட்டை அந்தப் பணம் கட்டிய தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தேதி போட்ட ரசீதுதான் அதற்கு ஆதாரம்.

2023 ஆகஸ்ட்டில் பழைய தாமானில் ஒரு ஒற்றை மாடி வீடு வந்தது. விலை 240,000. வாசலில் ஒரு கறிவேப்பிலை மரம், வீட்டுக்காரம்மா அதை வெட்டிவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் தெளிவாகவே இருந்தோம். ஏஜென்ட்டின் அட்டையில் இருந்த பதிவு எண்ணைச் சரிபார்த்தோம். பணத்தை அவர் சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போட்டோம். பணம் கொடுப்பதற்கு முன்னால் பேங்க் ஆபீசரிடம், இந்த வீட்டுக்கு உங்கள் மதிப்பீட்டாளர் எவ்வளவு போடுவார் என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டோம். சின்ன ஊரில் இது ரொம்ப முக்கியம். விற்பவர் கேட்கும் விலைக்கும் பேங்க் போடும் மதிப்புக்கும் இடைவெளி இருந்தால், பேங்க் குறைந்த தொகையில்தான் 90 சதவீதம் கொடுக்கும். இடைவெளி முழுக்க நம் பையிலிருந்து. எங்களுக்கு மதிப்பு சரியாக வந்தது. லோனும் கிடைத்தது, 216,000, 35 வருஷம், மாதம் 1,000 வெள்ளிக்குப் பக்கம். 2020இல் 1.75 சதவீதமாக இருந்த ஓபிஆர், அதாவது பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம், 2023 மே மாதம் 3 சதவீதத்துக்கு வந்திருந்தது. தவணை அதோடு சேர்ந்து ஏறும் இறங்கும். அதனால் மாதம் 1,150 கட்ட முடியுமா என்று ஆறு மாதம் முன்பிருந்தே பழகிப் பார்த்தோம். வாடகை 400 போக மீதி 750ஐ எடுத்து வேறு கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தில் வாழ்வது. இரண்டு மாதம் தோற்றோம், நாலு மாதம் ஜெயித்தோம். அதுவரை சேர்த்ததோடு இதுவும் சேர்ந்தது.

இனி கணக்கு. கையில் 26,000. இபிஎஃப் இரண்டாம் கணக்கில் அவருக்கு 9,700, எனக்கு 5,300, ஆக 15,000. மொத்தம் 41,000. முன்பணம் 10 சதவீதம் என்றால் 24,000. லாயர் செலவு 6,000 ஆகும் என்று யாரோ சொன்னது. மீதி 11,000இல் கிரில், ஒயரிங், பெயின்ட் எல்லாம் முடித்துப் பால் காய்ச்சிவிடலாம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதலில் 2 சதவீதம், 4,800 கட்டினோம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்று மீதி 8 சதவீதம், 19,200. அப்போதுதான் இபிஎஃப் விவரம் கேட்கப் போனேன். அவர்கள் கேட்டது, கையெழுத்தான வாங்கல் விற்றல் ஒப்பந்தமும் லோன் கடிதமும். அதாவது இபிஎஃப் பணம் முன்பணம் கட்ட வராது. நாம் கட்டி முடித்த பிறகு நம்மிடம் திரும்பி வரும். எல்லாரும் “இபிஎஃப்ல எடுத்துக்கலாம்” என்று சொன்னார்களே தவிர, எப்போது எடுக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முகப்பிடத்துக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து அந்த நோட்டைத் திறந்து 15,000ஐ அடித்தேன். கை நடுங்கியது.

அந்த நிலையில்தான் லாயர் ஆபீஸில் அந்தக் கேள்வி. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 500,000 வெள்ளி வரைக்கும் பெயர் மாற்றத்துக்கும் லோன் பத்திரத்துக்கும் முத்திரை வரி முழு விலக்கு உண்டு. 2021 ஜனவரியிலிருந்து கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு அது நடப்பில் இருந்தது. அதை நம்பித்தான் 6,000 என்று கணக்குப் போட்டேன். ஆனால் விதி என்ன சொல்கிறது என்றால், வாங்குகிறவர் இதற்கு முன் எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது. வாரிசாக வந்தது, பரிசாக வந்தது, தனியாக இருந்தது, கூட்டாக இருந்தது எல்லாமே கணக்கு. மூன்றில் ஒரு பங்கும் வீடுதான். விலக்கு இல்லை என்றால் பெயர் மாற்றத்துக்கு 3,800, லோன் பத்திரத்துக்கு 1,080. போதாததற்கு அந்த ஜூலை மாதம்தான் லாயர் கட்டணம் 500,000 வரைக்கும் 1 சதவீதத்திலிருந்து 1.25 சதவீதமாகியிருந்தது. ஒப்பந்தத்துக்கு 3,000, லோனுக்கு 2,700, சேவை வரி, பதிவுச் செலவு என்று கூட்டி அந்த அக்கா காட்டிய தொகை 12,180.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். “கையெழுத்துப் போட்டுட்டா என்னா? யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டவள் நான்தான். அவர் இல்லை. அது சத்தியப் பிரமாணம், பொய் சொன்னால் குற்றம் என்று அந்த அக்கா சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். கிராண்டில் பெயர் பதிந்திருக்கும்போது மறைக்கவும் முடியாது. என் பெயரில் மட்டும் வாங்கலாமா என்று லாயரிடம் கேட்டோம். வாங்கலாம், ஆனால் என் சம்பளத்துக்கு அவ்வளவு லோன் தேறாது. அவர் பங்கை இப்போதே அத்தை பெயருக்கு மாற்றிவிட்டால் என்றும் கேட்டோம். கொடுத்துவிட்டாலும் ஒரு காலத்தில் வைத்திருந்தவர் வைத்திருந்தவர்தான், பயன் இல்லை என்றார். அன்றிரவு அத்தை மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கணவரை இழந்தவர், பிள்ளைகள் பெயர் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார், அதில் என்ன தப்பு? விசாரணை அன்றே எங்களுக்கு விவரம் தெரிந்திருந்தாலும் இவர் பங்கை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பங்கின் மதிப்பு 4,880ஐவிடப் பல மடங்கு. தெரிந்து முடிவெடுப்பது வேறு, லாயர் ஆபீஸில் பேனாவைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொள்வது வேறு. அதனால் யார் வீட்டிலாவது புசாக்கா விசாரணை வருகிறது, கல்யாணம் ஆகாத பிள்ளை இருக்கிறது என்றால் இதை முன்கூட்டியே அவர்கள் காதில் போட்டுவிடுங்கள். பல முதல் வீட்டுத் திட்டங்களும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

19,200 கட்டியதும் கையில் 2,000 மிச்சம். என் அண்ணன் 2,500 கொடுத்தார். என் கல்யாண வளையல் நாலையும் அடகுக் கடையில் வைத்தேன், 6,500 கிடைத்தது. மாதம் 2 சதவீத வட்டி, 130 வெள்ளி. கடைக்காரர் வளையலை உரைகல்லில் தேய்த்துவிட்டு, எடை போட்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் அழுகை வந்தது. மீதி 1,180ஐ இபிஎஃப் வந்ததும் தருகிறேன் என்று கேட்டேன், லாயர் ஒத்துக்கொண்டார். இதை முன்பே கேட்டிருந்தால் இன்னும் அதிகம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. எல்லாத் தொகையும் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை. எது என்றைக்கு வேண்டும் என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லி லாயரிடமும் பேங்கிடமும் கேளுங்கள். தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஐந்து வாரம் கழித்து இபிஎஃப் வந்தது. வளையலை மீட்டேன், வட்டி இரண்டு மாதத்துக்கு 260. அண்ணனுக்கும் லாயருக்கும் கொடுத்தது போக 4,560 இருந்தது. கிரில் போட்டோம், ஒயரிங் பார்த்தோம். பெயின்ட் நாங்களே அடித்தோம், ஹாலில் ஒரு சுவர் மட்டும் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்.

இப்போது சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் இபிஎஃப் பணத்தில் 30 சதவீதம் இரண்டாம் கணக்குக்குப் போனது. 2024 மே 11இலிருந்து மூன்று கணக்கு. வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்கு 15 சதவீதம்தான் போகிறது, ஃப்ளெக்சிபல் கணக்குக்கு 10. 2,500 வெள்ளி சம்பளக்காரருக்கு முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 600 ஏறுகிறது என்றால், முன்பு 180 வெள்ளி வீட்டுக்கு ஒதுங்கியது, இப்போது 90. ஃப்ளெக்சிபல் கணக்கில் விழும் 60ஐத் தொடாமல் வைத்தால் 150. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்தும் அதேதான், போனில் நாலு தட்டுத் தட்டினால் தீபாவளிக்குச் சோபா வந்துவிடும். அப்புறம், சம்பளச் சீட்டு இல்லாமல் லாரி ஓட்டுகிறவர்கள், பாசாரில் கடை போடுகிறவர்கள் தங்களுக்கு லோனே கிடைக்காது என்று இருந்துவிடுகிறார்கள். நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கென்றே எஸ்ஜேகேபி என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, பேங்கில் பெயர் சொல்லிக் கேட்கலாம். தினமும் வரும் பணத்தைப் பையில் வைத்துச் செலவு செய்யாமல் பேங்கில் போட்டு எடுத்தால்தான் வருமானத்தைக் காட்ட முடியும்.

போன மாதம் இவருடைய தங்கை வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. “அண்ணி, எனக்கும் அந்தப் பங்கு இருக்கே, எங்களுக்கும் ஸ்டாம்ப் டூட்டி விழுமா?” என்று கேட்டாள். விழும் என்றேன். மாப்பிள்ளை பெயரில் எதுவும் இல்லையாம். அவர் சம்பளத்துக்கு மட்டும் எவ்வளவு லோன் தேறும் என்று அடுப்படி மேசையில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். 180,000 வரைக்கும் போகலாம் போலிருந்தது, அதற்கு இந்த ஊரில் வீடு கிடைக்குமா என்று தேட வேண்டும். அப்படி வாங்கினால் வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கும், அது உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யோசிக்கணும் அண்ணி” என்றாள். போகும்போது என் பள்ளிக்கூட நோட்டையும் ரசீதுக் கட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் கறிவேப்பிலையும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டாள்.